மலைவாசலில் ஜெயசீலி கவிழ்த்துவைத்த தம்ளர்கள்

செய்தி வந்தபோது நான் மலை ஏற வந்தவர்களுக்குச் சட்டம் வாசித்துக்கொண்டிருந்தேன். பதினான்கு பேர் கொண்ட கூட்டம் வேலிக்கதவுக்கு வெளியே வெயிலில் நின்றது. ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர் என்ற இடத்தில் சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. ஜெயசீலியின் மகள் ஷீபா. "மாமா, அம்மா போயிட்டாவ" என்றாள். பிறகு அழுகைதான் கேட்டது. வாரேம்மா என்று சொல்லிவிட்டு, விட்ட இடத்திலிருந்து வாசித்தேன். சென்ட் அடித்துக்கொண்டு மேலே போகக் கூடாது, பாதையை விட்டு விலகக் கூடாது, பன்னிரண்டரைக்குள் கீழே இறங்கிவிட வேண்டும். கடைசிச் சட்டம் வரை வாசித்து, பெயர்களை எழுதி, அவர்கள் முதல் வளைவைத் தாண்டிய பிறகுதான் நாற்காலியில் உட்கார்ந்தேன்.  பாதியில் நிறுத்தியிருந்தால் அந்த அம்மாவே என்னைத் திட்டியிருப்பார்.

அடக்க ஆராதனை முடிந்து திரும்பும்போது ஷீபா என் கையைப் பிடித்துக்கொண்டு, சபையார் போடும் நினைவு மலருக்கு நல்லதாக ஒரு பக்கம் எழுதித் தரச் சொன்னாள். நல்லதாகத்தான் எழுத உட்கார்ந்தேன். ஆனால் ஜெயசீலியைப் பற்றி எந்தப் பக்கம் எழுதினாலும் ஒரு பொய்யைச் சுற்றிக்கொண்டு போக வேண்டியிருக்கிறது. அந்தப் பொய் நான் சொன்னது. என் தங்கையின் உயிர் சம்பந்தப்பட்டது. ஆறு வருஷமாக அது எனக்கும் ஜெயசீலிக்கும் மட்டும்தான் தெரிந்திருந்தது. அவரை அறிந்த உங்கள் முன்னால் அதையும் சேர்த்தே எழுதுகிறேன். படித்துவிட்டு என்னைப் பற்றி என்ன நினைத்தாலும் நான் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

எங்கள் மலையை அறியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. திருநெல்வேலிப் பக்கம் மலை என்றாலே அருவி, சாரல், குளிர்காற்று என்று நினைத்துக்கொண்டு வருகிறார்கள். முக்கூடலிலிருந்து போகும் பாதையில் இருக்கிற எங்கள் வெள்ளைப்பாறை மலைக்கு அந்தப் பாக்கியம் கிடையாது. மழை மேற்கே பெரிய மலையிலேயே கொட்டித் தீர்ந்துவிடும். இங்கே உடைமரம், கள்ளி, ஊசிப்புல், மீதியெல்லாம் பாறை. மாசி பிறந்தால் மேலே ஒரு சொட்டுத் தண்ணீர் இருக்காது. உச்சியில் ஏறி நின்றால் தாமிரபரணி பச்சைக் கரையோடு கீழே தெரியும். தண்ணீரைக் கண்ணால் பார்த்துக்கொண்டே நாக்கு வறண்டு விழுகிற இடம் அது. அந்த மலைப் பூங்காவின் வாசலில் சீட்டு எழுதுகிறவன் நான். வருகிறவர்களைச் சோதித்து மேலே விடுகிற வேலை ஜெயசீலிக்கு. பாளையங்கோட்டையிலிருந்து முதல் பஸ்ஸில் வருவார். அதற்கு முன்பு ஆஸ்பத்திரி ஒன்றில் வார்டு ஆயாவாக இருந்தவர். புருஷன் இறந்த பிறகு இந்த வேலைக்கு வந்தார். என்னைவிட மூன்று வயது இளையவர். எழுதும்போது அவர், இவர் என்கிறேனே தவிர, நேரில் எனக்கு அவர் "ஏம்மா ஜெயசீலி", அவருக்கு நான் அண்ணாச்சி.

வந்த முதல் மாதமே வீட்டிலிருந்து ஒரு பை நிறைய எவர்சில்வர் தம்ளர் கொண்டுவந்தார். மேலே போகிற ஒவ்வொருவரும் அவர் கண் முன்னால் ஒரு தம்ளர் தண்ணீர் குடிக்க வேண்டும். குடித்த தம்ளரைச் சுவரோரப் பலகையில் கவிழ்த்துவைப்பார். இறங்கி வருகிறவர் அதே பலகையிலிருந்து ஒன்றை எடுத்து நீட்டினால் மறுபடி தண்ணீர் ஊற்றிக் கொடுப்பார். அது கழுவுகிற வாளிக்குப் போய்விடும். ஆக, பலகையில் எத்தனை தம்ளர் நிற்கிறதோ அத்தனை பேர் மலையில் இருக்கிறார்கள். என் நோட்டில் பெயர், ஊர், போன் நம்பர், நேரம் எல்லாம் வரிசையாக இருக்கும்போது இது என்ன கூத்து என்று எனக்கு எரிச்சலாக வந்தது. "என்னம்மா, டீக்கடை போட்டுட்டியா? வடை எப்ப வரும்?" என்று வருகிறவர்கள் முன்னாலேயே கிண்டல் செய்வேன். "நோட்டுல எழுதுனவன் பேரு இருக்கும் அண்ணாச்சி. குடிச்சவன் வயித்துல தண்ணி இருக்கும்லா" என்பார். தம்ளரைத் துடைத்துக்கொண்டேதான் பேசுவார்.

அலுவலகம் எழுதிக் கொடுத்த சட்டங்களில் இல்லாத ஒன்றை அவராகச் சேர்த்திருந்தார். விரதம் இருக்கிறவர்களை மேலே விட மாட்டார். நம் ஊரில் மலை ஏறுவதென்றால் வெறும் வயிற்றோடு ஏறினால்தான் மனசுக்கு நிறைவு என்று நினைக்கிறவர்கள் நிறைய. மேலே கோவில் எதுவும் இல்லை, வெறும் பாறைதான் என்று சொன்னாலும் கேட்க மாட்டார்கள். பெண்களைத் தனியாக அழைத்து, "காலையில என்ன சாப்ட்டிய?" என்று கேட்பார். பதில் இழுத்தால், "இன்னைக்கு என்ன விரதம்?" என்பார். ஒருமுறை தச்சநல்லூர்க்காரர் ஒருவர், எங்கள் ஊர்க்காரர்தான், "வேதக்காரி எங்க விரதத்தைக் கெடுக்கா" என்று பெரிய சத்தம் போட்டுவிட்டார். கிறிஸ்தவர் என்பதைத்தான் அப்படிச் சொன்னார். இந்தக் காலத்தில் இப்படி ஒரு வார்த்தை எங்கே போய் நிற்கும் என்று யாருக்குத் தெரியும்?

அடுத்த மாதமே அதற்குப் பதில் வந்தது, அவருடைய சபையிலிருந்தே. தபசு காலத்தில், ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாளில், ஒரு சனிக்கிழமை பாளையங்கோட்டையிலிருந்து வேன் வைத்துக்கொண்டு இருபது பெண்கள் வந்தார்கள். முன்னால் நின்றது ஐயரம்மா, அதாவது அவர்கள் சபைக் குருவானவரின் மனைவி. மேலே போய் ஜெபம் பண்ணிவிட்டு இறங்கிய பிறகுதான் சாப்பாடு என்று உபவாசத்தோடு வந்திருந்தார்கள். ஜெயசீலி ஒரு பெரிய பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்து மேசையில் வைத்தார். "ஆளுக்கு நாலு தின்னாத்தான் கதவு தெறக்கும்மா." ஐயரம்மா முகம் சிவந்துவிட்டது. "நீ யாருக்குச் சட்டம் சொல்லுத?" என்று கேட்டார். "மேல வாரவங்களுக்கும்மா" என்றார் ஜெயசீலி. வேன் திரும்பிப் போயிற்று. அதற்குப் பிறகு எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகள் சபைக் கோவிலில் அவர் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை என்று ஷீபா சொல்லித்தான் எனக்குத் தெரியும். இதைப் படிக்கிறவர்களில் அந்த வேனில் வந்தவர்களும் இருப்பீர்கள். குத்திக்காட்டச் சொல்லவில்லை. எனக்கு அந்த யோக்கியதை இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கல்யாண ஜோடிகள் போட்டோ எடுக்க வருகிற காலம் வந்தது. மாப்பிள்ளை கோட்டு போட்டிருப்பார், பெண் தரையில் இழுபடுகிற பாவாடையில் வரும். ஜெயசீலி ஒரு பெட்டி நிறையப் பழைய கேன்வாஸ் ஷூ வைத்திருந்தார். பெண்ணை உட்காரவைத்து, அளவு பார்த்து மாட்டிவிடுவார். ஒரு நாள் வந்த போட்டோகிராபரின் குடைப்பையை வாங்கிக் குலுக்கிப் பார்த்தார். உள்ளே கலர்ப் புகை விடுகிற குழாய் நாலு. உச்சிப்பாறையின் கீழே மலைத்தேனீ ஆளுயரத்துக்குக் கூடு கட்டியிருக்கிறது. புகையோ, கடுமையான வாசனையோ பட்டால் மொத்தமாகக் கிளம்பிவிடும். சென்ட் கூடாது என்ற சட்டமே அதற்காகத்தான். போட்டோகிராபர் யாரோ பெரிய மனிதரைப் போனில் பிடித்து ஜெயசீலியிடம் கொடுத்தார். மறுமுனையில் கத்துவது எனக்கே கேட்டது. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "சரிங்கய்யா. நீங்களே வந்து தேனீகிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிருங்க, நான் விட்டுருதேன்" என்றார். ஜோடிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. புகைக்குழாய் இல்லாமல்தான் போனார்கள்.

இத்தனையையும் பக்கத்தில் இருந்து பார்த்தவன் செய்த காரியத்தை இனிச் சொல்கிறேன்.

ஆறு வருஷத்துக்கு முன்பு, பங்குனி மாதம், வெள்ளிக்கிழமை. அந்த மாதங்களில் ஒன்பது மணிக்குக் கதவைப் பூட்டிவிடுவோம். ஒன்பது நாற்பதுக்கு ஒரு பைக் வந்து நின்றது. என் தங்கை கனகுவும் அவள் புருஷன் முருகேசனும். முக்கூடலில் அவருக்கு உரக்கடை, அவள் வீட்டிலேயே தையல். அன்று அவர்கள் கல்யாண நாள். "இத்தனை வருஷமா அண்ணன் இங்கன வேலை பாக்கான், நாங்க ஒருநாள்கூட மேல போனதில்லையே" என்று சிரித்துக்கொண்டே வந்தாள். நேரமாகிவிட்டது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வீட்டு மாப்பிள்ளை. அவரைப் பார்த்து, "பையைத் திறங்க, செருப்பைக் காட்டுங்க, இங்கே கையெழுத்துப் போடுங்க" என்று எப்படிச் சொல்வது? பந்தியில் முதல் இலை போடுகிற மனிதரை நோட்டில் எழுதி உள்ளே விடுவதா? நம் வீடுகளில் இதைப் புரியவைக்க வேண்டியதில்லை.

ஜெயசீலி அப்போது பின்பக்கம் தண்ணீர்த் தொட்டியில் இருந்தார். காலேஜ் பையன்கள் ஆறு பேர் குளித்தமாதிரி சென்ட் அடித்துக்கொண்டு வந்திருந்தார்கள். ஒன்பதுக்கு முன்பே வந்து பெயர் எழுதிவிட்டதால் திருப்பி அனுப்பவும் முடியவில்லை. வாசனை போகிறவரை கழுத்தையும் கையையும் மறுபடி மறுபடி சோப்புப் போட்டுக் கழுவவைத்துக்கொண்டிருந்தார். அவர் வருவதற்குள் இவர்களை அனுப்பிவிட வேண்டும் என்று எனக்கு அவசரம். கனகு தாகம் என்றாள். பானையிலிருந்து இரண்டு தம்ளர் மொண்டு கொடுத்தேன். கை பழகிய பழக்கத்தில் அவற்றை நானே பலகையில் கவிழ்த்தும் வைத்துவிட்டேன். மாப்பிள்ளை கையில் ஒரு லிட்டர் பிளாஸ்டிக் பாட்டில் இருந்தது. பிளாஸ்டிக் மேலே போகக் கூடாது. இறங்கி வரும்போது ஜெயசீலி அதைப் பார்த்தால் மாட்டிக்கொள்வேனே என்று அந்தப் பாட்டிலை வாங்கி வைத்துக்கொண்டு, என்னுடைய சின்ன ஸ்டீல் பாட்டிலைக் கொடுத்தேன். அரை லிட்டர்கூடப் பிடிக்காது. எல்லாச் சட்டத்தையும் மீறிவிட்டு அந்த ஒன்றை மட்டும் ஒழுங்காகக் காப்பாற்றினேன். சாப்பிட்டாயா என்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் வெள்ளிக்கிழமை விரதம் என்று சொல்லியிருப்பாள்.

பன்னிரண்டரைக்கு நோட்டில் எல்லாப் பெயருக்கும் நேராகத் திரும்பிய நேரம் எழுதி முடித்தேன். கணக்குச் சரி. ஜெயசீலி பலகையின் முன்னால் நின்றார். "ரெண்டு தம்ளர் நிக்கி அண்ணாச்சி."

அந்த நேரத்தில் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. பத்து நிமிஷத்தில் இறங்கிவிடுவார்கள், இவரிடம் ஏன் பேச்சு வாங்க வேண்டும் என்று தோன்றியது. "அது நானும் தண்ணி லாரி டிரைவரும் குடிச்சதும்மா" என்றேன். அவர் தம்ளர்களை எடுக்கப் போனார். பிறகு எடுக்காமல் கையை இழுத்துக்கொண்டார்.

வாசலில் காற்று சுத்தமாக நின்றுவிட்டிருந்தது. பாறையிலிருந்து அனல் முகத்தில் அடித்தது. நான் நோட்டைப் புரட்டுகிற மாதிரி புரட்டிக்கொண்டு பாதையையே பார்த்துக்கொண்டிருந்தேன். கனகுவின் போனுக்கு அடித்தால் எல்லைக்கு வெளியே என்றது. மேலே டவர் கிடையாது என்று எனக்குத் தெரியாதா? தெரிந்தும் மேசைக்குக் கீழே போனை வைத்துக்கொண்டு திரும்பத் திரும்ப அடித்தேன். ஒரு மணிக்கு ஜெயசீலி வந்து எனக்கு எதிரே நின்றார்.

"டிரைவர் எப்ப வந்தாரு அண்ணாச்சி? லாரி வியாழக்கிழமைல்லா வரும். இன்னைக்கு வெள்ளி."

"நேத்துக் குடிச்சதா இருக்கும்."

"நேத்துத் தம்ளர நேத்தே கழுவிட்டேன்."

நான் அப்போதும் உண்மையைச் சொல்லவில்லை. "ஒனக்குத்தான் எல்லாம் தெரியுமே, என்னை ஏன் கேக்க?" என்று எரிந்து விழுந்தேன். அவர் என்னைத் திருப்பித் திட்டியிருந்தால்கூடத் தேவலை. போய்க் கோணிச்சாக்கு நான்கை எடுத்துத் தொட்டியில் முக்கினார். இரண்டு தண்ணீர்க் கேனைத் தோளில் மாட்டினார். "யாரோ ரெண்டு பேரு மேல இருக்காவ. நான் போயிப் பாத்துட்டு வாரேன்" என்று கதவைத் திறந்தார். தனியாக. அந்த வெயிலில். அவர் பத்தடி போன பிறகுதான் நான் கூப்பிட்டேன். "ஜெயசீலி, என் தங்கச்சி" என்றேன். 

அவர் திரும்பிப் பார்த்தார். என்ன மனிதன் நீ என்று கேட்கவில்லை. "எத்தன மணிக்குப் போனாவ? தண்ணி எவ்வளவு? சாப்ட்டாளா?" மூன்றே கேள்விதான். மூன்றுக்கும் பதில் சொல்லும்போது எனக்குச் செத்துவிடலாம்போல இருந்தது. "ஆம்புலன்சுக்குப் போன் போடுங்க. கீழ டீக்கடைல வழிகாட்டிப் பையங்க ரெண்டு பேரு இருப்பானுவ, கம்பும் போர்வையும் கொண்டாரச் சொல்லுங்க. பெறவு என் பின்னால வாங்க" என்று சொல்லிக்கொண்டே ஏறத் தொடங்கிவிட்டார். மணி ஒன்று பத்து. அவர் முதலில் கேட்டதற்கும் நான் உண்மையைச் சொன்னதற்கும் நடுவில் நாற்பது நிமிஷம்.

போன் போட்டுவிட்டு ஓடிப்போய் அவரோடு சேர்ந்துகொண்டேன். இரண்டாவது வளைவுக்கு மேலே முருகேசன் எதிரே வந்தார். சட்டை இல்லை, கண் நிலைகொள்ளவில்லை. கையில் என்னுடைய ஸ்டீல் பாட்டில் மூடி இல்லாமல் இருந்தது. தண்ணீர் தேடிப் பாதையை விட்டு விலகி, திரும்ப வழி தெரியாமல் சுற்றியிருக்கிறார். கனகு இன்னும் மேலே ஒரு பாறைச் சரிவில் கிடந்தாள். நிழல் என்று ஒரு முழம்தான், அதிலும் கால் வெளியே இருந்தது. தொட்டால் அடுப்பிலிருந்து இறக்கிய பாத்திரம்போலச் சுட்டது. வேர்வையே இல்லை. நான் அலறிக்கொண்டு கேனைத் திறந்து அவள் வாயில் ஊற்றப் போனேன். ஜெயசீலி என் கையில் ஓங்கி ஒரு அடி போட்டார். "வாயில ஊத்தாதிய! நெனவு இல்ல, பொரையேறிச் செத்துருவா!" ஈரச்சாக்கை அவள் மேல் போட்டார், கழுத்திலும் அக்குளிலும் தண்ணீரை ஊற்றினார், என்னிடம் ஒரு சாக்கைக் கொடுத்து வீசச் சொன்னார். "விடாதிய, வீசுங்க, வீசுங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். வழிகாட்டிப் பையன்கள் கம்பில் போர்வை கட்டிக் கொண்டுவந்தார்கள். கீழே வருகிற வரைக்கும் அவர் அவளுடைய தலைக்கு மேலே தன் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நடந்தார்.

கனகு பிழைத்தாள். நான்காம் நாள் கண் திறந்து என்னை அடையாளம் கண்டாள். ஆனால் கை நடுக்கம் நிற்கவில்லை. வெப்பம் மூளைவரை போய்விட்டது, இன்னும் கொஞ்சம் முன்னால் குளிரவைத்திருந்தால் இது இல்லாமல் போயிருக்கலாம் என்று டாக்டர் சொன்னார். அவர் சும்மா ஒரு தகவலாகத்தான் சொன்னார். நான் கழிப்பறையில் போய் உட்கார்ந்துகொண்டேன். அதற்குப் பிறகு அவளால் ஊசியில் நூல் கோக்க முடியவில்லை. தையல் மிஷினை விற்றுவிட்டார்கள்.

அன்று சாயங்காலம், கனகுவையும் முருகேசனையும் ஏற்றிக்கொண்டு ஆம்புலன்ஸ் போன பிறகு, ஜெயசீலி நனைந்த சேலையோடே மேசையில் உட்கார்ந்து அலுவலகத்துக்கு அறிக்கை எழுதினார். கடைசி நேரத்துக்குப் பிறகு, பெயர் பதியாமல், போதிய தண்ணீர் இல்லாமல் இருவர் அனுமதிக்கப்பட்டனர். அனுமதித்தவர் சீட்டு எழுத்தர். எழுதிவிட்டு என்னிடம் நீட்டினார். "வாசிச்சுப் பாத்துட்டுக் கையெழுத்துப் போடுங்க." எனக்கும் இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள், நாங்களே ஆஸ்பத்திரிக்கு அலையப்போகிறோம், இந்த ஒரு தடவை விட்டுவிடு என்று கெஞ்சினேன். "இத எழுதலன்னா நாளைக்கு இன்னொருத்தரு மாப்பிள்ளை வருவாரு அண்ணாச்சி" என்றார். கையெழுத்துப் போட்டேன். ஆறு மாதம் வேலை இல்லாமல் வீட்டில் இருந்தேன். அவர்மேல் எனக்கு அப்படி ஒரு கோபம். கூடவே வேலை பார்த்துக்கொண்டு காலை வாரிவிட்டாள் என்று தச்சநல்லூர் முழுக்கச் சொல்லித் திரிந்தேன். அதைவிடக் கேவலம் ஒன்று நடந்தது. தங்கை வீட்டில் நான்தான் ஓடிப்போய் அவளைக் காப்பாற்றியவன் என்று ஆகிவிட்டது. பெயர் எழுதாமல் விட்டது பாசத்தில் செய்த பிழை என்று மன்னித்துவிட்டார்கள். ஒவ்வொரு பொங்கலுக்கும் மாப்பிள்ளை வேட்டி எடுத்துக்கொண்டு வருவார். "அண்ணன் இல்லேன்னா நான் இல்ல" என்று கனகு வருகிறவர்களிடமெல்லாம் சொல்வாள். நான் வேட்டியை வாங்கிக்கொள்வேன்.

வேலைக்குத் திரும்பியபோது அறிக்கையின் நகலைக் கேட்டு வாங்கி முழுசாகப் படித்தேன். அன்று கையெழுத்துப் போட்டபோது எதையும் படிக்கிற நிலையில் நான் இல்லை. நான் செய்த எல்லாமே அதில் இருந்தது. ஆனால் லாரி டிரைவரைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. நாற்பது நிமிஷம் எப்படிப் போனது என்று இல்லை. பன்னிரண்டரைக்கு இரண்டு பேர் திரும்பாதது தெரிந்தது, ஒன்று பத்துக்கு மேலே ஏறினோம், அவ்வளவுதான். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. பல நாள் தயங்கி, கடைசியில் கேட்டேன். "ஏம்மா, அத மட்டும் ஏன் விட்ட?"

தம்ளர் துடைத்துக்கொண்டிருந்தவர் நிமிரவில்லை. "நீங்க மலைவாசல்ல செஞ்ச தப்பு ஆபீசுக்குள்ளது. அத எழுதிட்டேன். எங்கிட்ட சொன்ன பொய்யி ஒங்க தங்கச்சிக்குள்ளது. அத நீங்கதான் அவகிட்டக் குடுக்கணும். நான் எழுதி அவ யாரு மூலமாவோ தெரிஞ்சிக்கிட்டான்னா, அது சொன்னதா ஆவாதுல்லா அண்ணாச்சி."

சொல்லிடுதேன் என்றேன். அந்தப் பொங்கலுக்குச் சொல்லவில்லை. அடுத்த பொங்கலுக்கும் இல்லை. ஜெயசீலி ஒருநாள்கூட, சொல்லிட்டியளா என்று கேட்டதில்லை. காலையில் வந்தால், "கனகு எப்படி இருக்கா? கை எப்படி இருக்கு?" என்று கேட்பார்.  தேவலை என்பேன். சரி என்பார். ஆறு வருஷம் இப்படியே போயிற்று. மூன்று வாரத்துக்கு முன்பு நெஞ்சுவலி என்று ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது பார்க்கப் போனேன். மூக்கில் குழாய். அப்போதும் கனகுவைத்தான் விசாரித்தார். நான் அன்றைக்கும் தேவலை என்றுதான் சொன்னேன்.

அவரை மண்ணில் வைத்துவிட்டு, கைகால்கூடக் கழுவாமல் நேராக முக்கூடல் பஸ்ஸைப் பிடித்தேன். முருகேசன் கடையில் இருந்தார். கனகு தனியாக இருந்தாள். உட்காராமல், நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். பலகையில் இரண்டு தம்ளர் இருந்ததை, லாரி டிரைவர் என்று சொன்னதை, நேற்றுக் குடித்தது என்று சொன்னதை, நாற்பது நிமிஷத்தை. அவள் நடுங்குகிற கையை மற்றக் கையால் பிடித்து மடியில் வைத்துக்கொண்டிருந்தாள்.

"அந்த நேரத்துலதாண்ணே அவிய தண்ணி தேடிப் போயிருந்தாவ" என்றாள். "நான் தனியாக் கெடந்தேன். எனக்குப் பயமே இல்ல. கீழ அண்ணன் இருக்கான், நேரமாச்சுன்னா ஓடி வந்துருவான்னு நெனச்சிக்கிட்டே கெடந்தேன்."

நான் காலில் விழப் போனேன். அவள் காலை இழுத்துக்கொண்டாள். "இன்னைக்குப் போண்ணே. பெறவு பேசிக்கிடுவோம்."

வந்துவிட்டேன். இன்றோடு பதினொரு நாள் ஆகிறது. அவள் கூப்பிடவில்லை. ஒரு தடவை போன் போட்டுப் பேசேன், எத்தனை நாள்தான் இப்படி என்று என் மனைவி கேட்கிறாள். நான் போடவில்லை. என்னை மன்னித்துவிட்டாயா என்று கேட்கிற உரிமை எனக்கு இல்லை. ஜெயசீலி ஆறு வருஷம் என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, ஒரு வார்த்தை நெருக்காமல், முகத்தைத் திருப்பாமல், எனக்காகக் காத்திருந்தார். அவரிடமிருந்து எனக்கென்று நான் எடுத்துக்கொண்டது அந்தக் காத்திருப்பு ஒன்றுதான். தங்கச்சி எப்போது கூப்பிட்டாலும் எடுப்பதற்குப் போனைப் பக்கத்திலேயே வைத்திருக்கிறேன். கூப்பிடாவிட்டாலும் வைத்திருப்பேன்.